நுவரெலியாப் பியரும் ஹொப் வகைத் தேர்வும்
மலையகப் பெருந்தோட்ட வரலாற்றுக்கு ஒரு குறிப்பு

மலையகத்தின் பொருளியல் வரலாற்றை ஆராய்வோர் அதனைக் கோப்பி, சிங்கோனா, தேயிலை என்னும் மூன்று பயிர்களின் வரலாறாக வகுத்துக் காண்பது வழக்கம். இம்மூன்றும் இம்மண்ணில் விளைந்து பிறநாட்டுச் சந்தைக்குச் சென்றவை. இவற்றுக்கு நேர்மாறாக, இம்மண்ணிற் பெருந்தோட்டப் பயிராக நிலைபெறாமலே, நூறாண்டுக்கு மேலாகப் பிறநாடுகளிலிருந்து இம்மலைக்கு ஏறிவந்த விளைபொருள் ஒன்றும் உண்டு. பியருக்குக் கசப்பையும் மணத்தையும் அளிக்கும் ஹொப் என்னும் கொடியின் பூவே அது.

ஹொப்பில் வகைகள் பல. எந்த வகையைத் தேர்வது என்பது பியர் வடிப்போரின் தொழில்நுட்பப் பிரச்சினையாக மாத்திரமே பெரும்பாலும் பேசப்பட்டு வந்துள்ளது. ஆயின், தேயிலை மலையின் நடுவே அமைந்த ஒரு பியர் ஆலையிலிருந்து நோக்கும்போது, அக்கேள்விக்கு வேறொரு பரிமாணமும் இருப்பது புலனாகின்றது. பயிரின் வகையைத் தெரிவு செய்யும் உரிமை யாரிடம் இருந்தது, அத்தெரிவின் பயனும் சுமையும் யாரைச் சென்றடைந்தன என்பனவே அக்கேள்விகள். இக்கட்டுரை அவற்றை நுவரெலியாவை மையமாகக் கொண்டு ஆராய முனைகின்றது.

1. கசப்புப் பூவின் இயல்பு

தானியத்தை முளைக்கவைத்து மதுவாக்கும் முறை தமிழருக்குப் புதியதன்று. அரிசிக் கூழோடு முளையடையைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவிட்டுப் பிழிந்தெடுக்கும் மதுவைப் பெரும்பாணாற்றுப்படை விவரிக்கின்றது. மதுவிற் பூவைச் சேர்க்கும் வழக்கமும் நம்மிடை உண்டு. ஆயுர்வேத மருத்துவர் அரிட்டங்களை நொதிக்கவைக்கத் தாதகிப் பூவைச் சேர்ப்பர். நொதித்தலைத் தடுக்கும் மரபுப் பொருளும் இந்நாட்டிலுள்ளது. கருப்பட்டி காய்ச்சுதற்கென இறக்கும் பதநீர் புளியாதிருக்கச் சிங்களக் கிராமத்தவர் ஹல் மரத்தின் பட்டையை முட்டியில் இடுவர்.

ஐரோப்பாவில் ஹொப் இவ்விரு பணிகளையும் ஒருங்கே ஆற்றியது: மணம் தந்தது, கெடாமலும் காத்தது. ஹொப் ஆண் கொடி, பெண் கொடி என வேறுபட்டு வளர்வது. பெண் கொடியின் கூம்பு வடிவப் பூவின் இதழ்களுக்கிடையே மஞ்சள் நிறப் பொடி போன்ற பசைச் சுரப்பிகள் உள்ளன. அப்பசையிலுள்ள அல்பா அமிலங்கள், முளைவிட்ட பார்லியின் சாற்றோடு சேர்ந்து கொதிக்கும்போது உருமாறிக் கசப்பைத் தருகின்றன. பானத்தைப் புளிக்கச்செய்யும் பற்றீரியாக்கள் பலவற்றின் வளர்ச்சியையும் தடுக்கின்றன. சுரப்பிகளிலுள்ள எண்ணெய்கள் மணத்தைத் தருகின்றன. பவேரியாவில் 1516 இற் பிறப்பிக்கப்பட்ட கட்டளை பார்லி, ஹொப், நீர் ஆகிய மூன்றையன்றி வேறெதனையும் பியரிற் சேர்த்தலாகாது என விதித்தமை, ஹொப் அதற்குள் பெற்றுவிட்ட இடத்தைக் காட்டும்.

பேரரசின் வணிகத்தோடு இப்பூவின் பாதுகாக்கும் பண்பு நெருங்கிய தொடர்புடையது. இந்தியாவுக்குக் கப்பலேற்றிய பியரிற் கூடுதலாக ஹொப் சேர்க்கப்பட்டது. மாதக்கணக்கில் நீடித்த வெப்பக் கடற்பயணத்தை அது தாங்கவேண்டியிருந்தது. இந்தியா என்னும் பெயரைத் தாங்கிய வெளிறிய பியர் வகை இவ்வாறே புகழ்பெற்றது. கீழைத் தேயத்தில் ஆட்சியும் படையும் நிலைபெற்ற பின்னர், பியரை ஏற்றி அனுப்புவதிலும் அதனை இங்கேயே வடிப்பது மலிவு என்னும் எண்ணம் தோன்றியது இயல்பே.

2. குளிரைத் தேடி வந்த ஆலை

செயற்கைக் குளிரூட்டல் பரவுமுன், வெப்ப நாட்டிற் பியர் வடிப்பதற்கு மலைக்குளிரே ஒரே துணை. வட இந்தியாவிற் கசௌலி, சோலன், மரீ, தெற்கில் உதகமண்டலம் எனப் பிரித்தானியர் தம் மலை வாழிடங்களிலேயே பியர் ஆலைகளை நிறுவியமைக்குக் காரணம் இதுவே. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே, ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசாக உள்ள நுவரெலியா இவ்வரிசையில் அடங்கியது.

1848 இல் நுவரெலியாவிற் குடியேறி அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தை அமைக்க முயன்ற சாமுவேல் பேக்கரின் பெயரோடு இங்குப் பியர் வடித்தலின் தொடக்கத்தை இணைத்துப் பேசுவது வழக்கம். கால்நடை, கலப்பை, கொல்லன் ஆகியோடு ஆங்கில வாழ்க்கை முறை முழுவதையும் மலைக்கு ஏற்றிவர முயன்ற அவர், 1855 இல் இலங்கையை விட்டு நீங்கினார். இன்றைய லயன் நிறுவனம் தன் தோற்றத்தை 1881 எனக் கணிக்கின்றது. மரீ நகரின் பியர் நிறுவனமும் நுவரெலியா ஆலையிற் பங்குரிமை கொண்டிருந்தது.

இக்காலப்பகுதி கூர்ந்து நோக்கத்தக்கது. 1869 இற் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்தது. சிங்கோனாவும் தேயிலையும் அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தன. புகையிரதப் பாதை 1884 இல் ஹற்றனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென அமைந்த அப்பாதையே மேலைநாட்டுப் பார்லியும் ஹொப்பும் மலையேறும் வழியுமாயிற்று. குளிரையும் நீரையும் மலை தந்தது. உழைப்பையும் அது தந்தது. ஏனைய மூலப்பொருள்கள் கடல் கடந்து வந்தன.

3. ஒளியின் கணக்கு

தேயிலையையும் கொய்னாவையும் கோசு, லீக்ஸ் முதலிய மேலைநாட்டு மரக்கறிகளையும் ஏற்ற இம்மலையில் ஹொப் ஏன் நிலைபெறவில்லை? குளிர் போதாமையே காரணம் எனப் பொதுவாகக் கருதப்பட்டது. வேர்த்தண்டு பனிக்காலத்தில் உறங்கி எழாவிடின் கொடி செழிக்காது என்பது பழைய கோட்பாடு. 2019 இல் வெளிவந்த கொலராடோ அரச பல்கலைக்கழக ஆய்வொன்று, நீண்ட குளிர் இன்றியும் ஹொப் பூக்கும் என்பதைக் காட்டியது. உண்மையான கட்டுப்பாடு பகலின் நீளத்திலேயே உள்ளது.

ஹொப் கொடி நீண்ட பகலில் வளர்ந்து, பகல் குறுகத் தொடங்கும்போது பூப்பது. இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்திற் கோடையின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ பதினாறரை மணி நேரம். அங்கே கொடி பதினைந்து அடிக்கு மேல் ஏறிப் படர்ந்த பின்னரே பூக்கின்றது. நுவரெலியா ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகல் பன்னிரண்டரை மணி நேரத்தைச் சற்றே விஞ்சும். இவ்வொளியில் கொடி இளமையிலேயே பூத்துவிடும். விளைச்சல் மிகக் குறையும். 34 பாகை தெற்கிலுள்ள தென்னாபிரிக்காவின் ஜோர்ஜ் பகுதியிற்கூட மின்விளக்கால் பகலை நீட்டியும், குறுகிய பகலுக்கேற்ற வகைகளை உருவாக்கியுமே ஹொப் விளைவிக்கப்பட்டது. இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாஹுல் பள்ளத்தாக்கு 32 பாகை வடக்கில் இருத்தலால், 1970களிலிருந்து அங்கே ஹொப் பயிர் இடம்பெற முடிந்தது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. ஒரு மண்ணில் இன்ன பயிர் விளையாது என்பதை இயற்கையின் இறுதித் தீர்ப்பாகக் கொள்ளவியலாது. விளக்கு, இனப்பெருக்க ஆய்வு, மூலதனம் ஆகியவை எங்கே செலவிடப்பட்டன என்பதும் அதில் அடங்கும். மலையகத்தில் அவை தேயிலைக்கே செலவிடப்பட்டன.

4. எந்த ஹொப்?

இறக்குமதியையே நம்பியிருந்த ஆலைக்கு வகைத் தேர்வு நான்கு அளவைகளைப் பொறுத்தது: மணம், கசப்பின் அளவு, கெடாது நிற்கும் திறன், விலை. இவை தம்முள் முரண்படுவன.

ஆங்கில மரபின் கோல்டிங், ஃபகிள் ஆகியனவும் பொகேமியாவின் சாட்ஸும் ஜெர்மனியின் ஹலர்டாவும் மணத்துக்குப் பெயர்போனவை. இவற்றின் அல்பா அமிலம் பெரும்பாலும் 3 முதல் 6 சதவீதம் வரையிலேயே நிற்கும். இங்கிலாந்தின் வை கல்லூரியில் பேராசிரியர் ஏர்னஸ்ட் சல்மன், கனடாவின் மனிற்றோபாக் காட்டு ஹொப்பிலிருந்து உருவாக்கி 1934 இல் வெளியிட்ட புறூவர்ஸ் கோல்ட் கசப்பில் இவற்றை விஞ்சியது. பிற்கால உயர் அல்பா வகைகள் யாவற்றுக்கும் அது முன்னோடி எனலாம். 10 சதவீத அல்பா கொண்ட ஹொப்பைப் பயன்படுத்தினால், 5 சதவீதமுடையதன் எடையிற் பாதியே போதும். கப்பற் கூலியும் புகையிரதக் கூலியும் செலுத்தும் ஆலைக்கு இது சிறிய இலாபமன்று.

ஆயின் மலைக்கு மேலும் இரு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, ஹொப் வெப்பத்திலும் ஈரத்திலும் விரைவிற் கெடுவது. அல்பா அமிலம் சிதைந்து, பழம்பாற்கட்டியை ஒத்த நாற்றம் தோன்றும். செங்கடலையும் கொழும்புத் துறைமுகத்தையும் கடந்துவரும் பொதிக்கு இது பெரிய சோதனை. புறூவர்ஸ் கோல்ட் கசப்பில் உயர்ந்ததாயினும் சேமிப்பில் நலிந்தது. அமெரிக்கக் கிளஸ்டர் மணத்திற் கரடுமுரடெனக் கருதப்பட்டாலும் சேமிப்பில் மிக வலியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பூவை அரைத்து அமுக்கிய குளிகைகளும் பிழிசாறும் பரவிய பின்னரே இச்சிக்கல் தளர்ந்தது.

இரண்டாவது நிபந்தனை உயரத்தைச் சார்ந்தது. நுவரெலியாவின் உயரத்திற் திறந்த கொப்பரையில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். அல்பா அமிலம் கசப்பாக உருமாறும் வேகம் வெப்பத்தோடு கூடுவது. 6 பாகை குறையின் அவ்வேகம் கணிசமாகத் தளரும். ஆகவே சமவெளியிற் கிட்டும் கசப்பை இங்கே பெறுவதற்கு நெடுநேரம் கொதிக்கவைத்தல் வேண்டும், அல்லது கூடுதல் ஹொப் இடவேண்டும். மலையின் குளிர் நொதித்தலுக்கு உதவியது. மலையின் உயரம் ஹொப்பை வீணாக்கியது. மலைச் சிற்றாறுகளின் மென்னீரோ கசப்பைக் கூர்மையாக்காது மிருதுவாகவே காட்டும் தன்மையது.

இவ்வாலையின் ஸ்டவுட் என்னும் கரும் பியரைப் பற்றி 1990களில் எழுதிய ஆங்கிலப் பியர் ஆய்வாளர் மைக்கல் ஜக்சன், செக், பிரித்தானிய, டேனிய முளைத்தானியங்களும் ஸ்டைரிய ஹொப்பும் ஆங்கில மதுவமும் அதிற் பயன்பட்டமையைக் குறித்துள்ளார். இத்தேர்வு நம் கருத்தை ஈர்ப்பது. கருக வறுத்த தானியத்தின் மணம் மேலோங்கும் வலிய பானத்தில் ஹொப்பின் நுண்மணம் பெரிதும் மறைந்துவிடும். அங்கு வேண்டப்படுவது உறுத்தாத கசப்பே. உயர் அல்பா வகையின் சிக்கனத்தைவிட மென்மையான மரபு வகையின் இயைபு அங்குப் பெரிதாகக் கொள்ளப்பட்டது எனக் கருத இடமுண்டு.

ஸ்டைரிய கோல்டிங் என்னும் பெயரிலேயே ஒரு பாடம் உளது. இன்றைய சுலொவீனியாவின் சவீஞ்ஞா பள்ளத்தாக்கில் விளையும் அது பெயரளவில் மாத்திரமே கோல்டிங். மரபணு வழியில் அது ஃபகிள் ஆகும். இங்கிலாந்திலிருந்து சென்ற நாற்று ஒரு பெயரிற் போய், மற்றொரு மண்ணில் மூன்றாவது குணம் பெற்றுச் சந்தையில் தனிச்சிறப்பு எய்தியது. சந்தையில் விலைபோவது செடியின் இனத்தைவிட அதற்கு இடப்பட்ட பெயரே. தோட்டத்தின் பெயராலும் உயரத்தின் பெயராலும் தேயிலை விற்கப்படும் மலையகத்தார்க்கு இவ்வுண்மையை விளக்கவேண்டுவதில்லை.

5. பறித்தவர்கள்

ஹொப் வகைகளை ஒப்பிடும் நூல்கள் கொப்பரையிலிருந்தே பேசுகின்றன. பறிக்கும் கையிலிருந்து பேசுவன அரிது. இயந்திரங்கள் பரவிய 1950கள், 1960கள் வரை, கென்றின் ஹொப்பைப் பறித்தவர்கள் பெரும்பாலும் கிழக்கு இலண்டன் சேரிகளிலிருந்து இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு சென்ற ஏழைப் பெண்களும் குழந்தைகளுமே. பண்ணைக் குடிசைகளில் வைக்கோலிற் படுத்து, விடியலிற் தோட்டத்தில் இறங்கினர். கூலி நாளுக்கன்றி அளவுக்கே. ஒரு சிலிங்குக்கு எத்தனை மரக்கால் பறிக்கவேண்டும் என்பதே ஆண்டுதோறும் பிணக்குக்கும் வேலைநிறுத்தத்துக்கும் காரணமாயிற்று. 1931 இல் அவர்களோடு சேர்ந்து ஹொப் பறித்த எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் அக்கூலி முறையைப் பதிவு செய்துள்ளார். அளப்பவன் பூவை அமுக்கி அளந்தால் மரக்கால் நிரம்பாது. அன்றையக் கூலி குறையும்.

வகைத் தேர்வு இங்கேதான் சமூகப் பொருள் பெறுகின்றது. பெரிய கூம்புள்ள கொடியில் மரக்கால் விரைவில் நிரம்பும். சிறிய கூம்புள்ளதில் அதே உழைப்புக்குப் பாதி மரக்காலே நிரம்பக்கூடும். எந்த வகையை நடுவது என்பதை நில உடைமையாளரும், எதனை வாங்குவது என்பதை ஆலையினரும் தீர்மானித்தனர். அத்தீர்மானம் பறிப்பவளின் விரலில் வந்து முடிந்தது. அவளைக் கேட்டவர் எவருமிலர்.

இச்சித்திரம் மலையக வாசகர்க்கு அந்நியமானதன்று. நிறுவைத் தராசின் முன் கூடைக்கும் ஈரத்துக்கும் கழிக்கப்படும் கொழுந்து, குறித்த இறாத்தல் எட்டாவிடின் விழும் அரைப்பேர், கணக்கப்பிள்ளையோடு வாதாடும் பெண்கள் ஆகிய யாவும் அதே அளவை அரசியலின் மறுபக்கமே. நுவரெலியாவின் கொப்பரையிற் கொதித்த பூ, ஒரு நாட்டின் ஏழைப் பெண் பறித்து மற்றொரு நாட்டின் ஏழைப் பெண் வாழும் மலைக்கு ஏறிவந்தது. இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஆங்கிலத் தொழிலாளியின் தேநீர்க் கோப்பையும் மலைத் துரையின் பியர்க் குவளையும் இவ்விருவர் உழைப்பிலேயே நிரம்பின.

6. குடித்தவர்கள்

1876 இல் நிறுவப்பட்ட நுவரெலியாவின் ஹில் கிளப் முதலிய துரைமார் மன்றங்களே தொடக்கத்தில் இப்பியரின் இயல்பான சந்தை. தொழிலாளிக்கு எஞ்சியது கள்ளும் சாராயமும். 19ஆம் நூற்றாண்டில் சாராயக் குத்தகை குடியேற்ற அரசின் முக்கிய வருவாய்களுள் ஒன்றாயிருந்தது. 1912 இன் மதுவரிச் சட்டம் குத்தகை முறையை அகற்றி மதுவரித் திணைக்களத்தை அமைத்தது. கூடவே புதிய கள்ளுத் தவறணைகள் திறக்கப்படவே, நாடளாவிய மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. சிங்கள நடுத்தர வர்க்கத்தினரின் தேசிய அரசியற் பயிற்சிக் களமாக அவ்வியக்கம் அமைந்தமையை வரலாற்றாசிரியர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

தோட்டத்திற் தவறணையின் பணி வேறு. கங்காணியின் முற்பணத்தாற் கடனாளியாகி வந்த தொழிலாளிக்குக் குளிரும் களைப்பும் மறக்க அது வழிகாட்டியது. கூலியின் ஒரு பகுதியை அரச வருவாயாகத் திரும்பப் பெறும் வாயிலாகவும் அது விளங்கியது. லயத்தில் அதன் சுமையைச் சுமந்தவர்கள் பெண்கள். தொழிலாளியின் குடியைப் பண்புக் குறையாகக் கண்டித்த நிருவாகம், துரையின் குடியை நாகரிகத்தின் அடையாளமாகக் கொண்டது. நொதித்தல் ஒன்றே, கசப்பூட்டும் பூவும் அதற்குரிய மன்றமும் வர்க்கத்தைப் பிரித்துக் காட்டின.

7. தேர்வும் உரிமையும்

வகைத் தேர்வின் வலிமையை மலையகம் முன்னரே அறிந்திருக்கின்றது. மற்றொரு கசப்புப் பயிரான சிங்கோனா அதற்குச் சான்று. 1861 இல் நிறுவப்பட்ட ஹக்கலைத் தோட்டத்திலிருந்து பரவிய அப்பயிரில், கொய்னாச் சத்துக் குறைந்த இனங்களே இலங்கையிற் பெருகின. பொலிவியாவிலிருந்து 1865 இல் வந்த, சத்து மிகுந்த லெட்ஜர் விதையை ஒல்லாந்தர் வாங்கி ஜாவாவிற் பேணி வளர்த்தனர். இலங்கையின் சிங்கோனா ஏற்றுமதி 1886 இல் ஏறத்தாழ 1 கோடி 50 இலட்சம் இறாத்தலை எட்டியது. பட்டை குவிய விலை சரிந்தது, சந்தை ஜாவாவிடம் சென்றது. தோட்ட உடைமையாளர் தேயிலைக்கு மாறித் தப்பினர். பட்டை உரித்த கைகளுக்கு மாறிக்கொள்ளும் தேர்வு எதுவும் வழங்கப்படவில்லை.

1925 இல் அமைக்கப்பட்டுப் பின்னர்த் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம், விதைத் தேயிலைக்கு மாற்றாகத் தெரிந்தெடுத்த தாய்ச்செடிகளின் துண்டங்களிலிருந்து புதிய தேயிலை வகைகளைப் பரப்பியது. 2025 என்னும் இலக்கம் பெற்ற வகை மலைநாட்டிற் பெரும்புகழ் எய்தியது. ஏக்கர் விளைச்சல், நோய் எதிர்ப்பு, கோப்பையின் நிறம், மணம் ஆகியன தேர்வின் அளவைகளாயின. ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை முறை விரலை மடக்கிக் குறித்த கொழுந்தைச் சேர்ப்பாள், சரிவில் அச்செடி எவ்வளவு உயரத்தில் நிற்கும், அவள் முதுகு எவ்வளவு வளையும் என்பன அந்நிரலில் முதலிடம் பெறவில்லை.

பியர் ஆலையின் வரலாறு மற்றொரு திருப்பத்தையும் காட்டுகின்றது. செயற்கைக் குளிரூட்டல் மலைக்குளிரின் தேவையை நீக்கியது. 1990களின் இறுதியிற் கொழும்பை அடுத்த பியகமையில் நவீன ஆலை இயங்கத் தொடங்க, நுவரெலியாவிற் பியர் வடித்தல் முடிவுக்கு வந்தது. மூலதனம் குளிரைத் தேடி மலைக்கு வந்தது; குளிரைத் தானே ஆக்கிக்கொண்டதும் துறைமுகத்தை நோக்கி இறங்கியது. கென்றின் ஹொப்பை இயந்திரம் பறிக்கின்றது. மலையகத்தின் கொழுந்தை இன்றும் பெரும்பாலும் பெண்களின் கைகளே பறிக்கின்றன.

ஆகவே எந்த ஹொப் சிறந்தது என்னும் கேள்விக்கு விடை கொப்பரையில் மாத்திரம் இல்லை. மணம், கசப்பு, சேமிப்பு, விலை என்னும் நான்கு அளவைகளோடு, பறிப்பவளின் உழைப்பு ஐந்தாவது அளவையாகச் சேரவேண்டும். ஹொப்புக்கு உரியது தேயிலைக்கும் உரியது. எந்தச் செடியை நடுவது என்று கேட்கும் அவையில் அச்செடியைப் பறிப்பவளும் அமரும் காலத்தில்தான், வகைத் தேர்வு என்பது சந்தையின் கட்டளையாக இல்லாது, அறிவியலின் முழுப்பொருளை எய்தும்.